மிதிவண்டி அன்பர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியத்தையோ வரலாற்றையோ எடுத்துப் பேசுவது இச்சங்கத்தின் மரபு. செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, "உங்களுக்கு எது உகந்த பொருளோ அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டு, மிதிவண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் முறுவலிப்பது தெரிகிறது. முறுவலியுங்கள், ஆனால் உங்கள் இல்லங்களின் பின்கட்டிலோ மாடிப்படியின் கீழோ துருவேறிச் சாய்ந்து கிடக்கும் ஒரு வண்டியைச் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

தமிழன் ஒரு பொருளை விரும்பினால் அதற்குப் பல பெயர் சூட்டுவான். மிதிவண்டி என்றோம், ஈருருளி என்றோம், ஈழத்துத் தமிழர் துவிச்சக்கர வண்டி என்றனர், பேச்சு வழக்கில் சைக்கிள் என்றே நிலைத்துவிட்டது. எப்பெயரால் அழைத்தாலும் பொருள் ஒன்றே: மனிதன் தன் காலின் வலிமையைத் தானே ஊர்தியாக்கிக்கொண்ட கருவி.

இக்கருவி ஒரே நாளில் பிறந்ததன்று. 1817-ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்பார் இரு மரச்சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, காலால் தரையை உந்திச் செல்லும் வண்டியைச் செய்தார். அதற்கு மிதி கிடையாது. 1860-களில் பிரான்சு நாட்டில் முன்சக்கரத்தில் மிதி பொருத்தப்பட்டது. பின்னர் முன்சக்கரம் ஆளுயரம் வளர்ந்தது. விழுந்தால் தலைக்குத் தீங்கு. 1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களையும் ஏறத்தாழ ஓரளவாக்கி, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் 'பாதுகாப்பு மிதிவண்டி'யை வெளியிட்டார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அவ்விரண்டும் கூடியபின் மிதிவண்டியின் அடிப்படை உருவம் இன்றளவும் மாறவில்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உருமாறாது உழைக்கும் எந்திரங்கள் உலகில் மிகச் சிலவே.

நம் நாட்டிற்கு அது முதலில் சீமைப் பொருளாகவே வந்தது. நாட்டிங்ஹாமில் பிறந்த ராலே, பர்மிங்ஹாமில் பிறந்த ஹெர்குலிஸ், மூன்று துப்பாக்கிகளை முத்திரையாகக் கொண்ட பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களை நம் பாட்டனார்கள் குலப்பெயர்போல் உச்சரித்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னர் நிலைமை மாறியது. 1949-இல் சென்னையில் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிசும் பி.எஸ்.ஏ.யும் வெளிவந்தன. வங்கத்து அசன்சாலில் சென்-ராலே, சோனிபட்டில் அட்லாஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ என வடக்கிலும் ஆலைகள் எழுந்தன. 1986-இல் ஹீரோ நிறுவனம் உலகிலேயே மிகுதியான மிதிவண்டிகளைச் செய்வதெனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. சீமைப் பெயரில் நம்மவர் கை செய்த வண்டி, பட்டிதொட்டியெல்லாம் உருண்டது.

அந்தப் பழைய கறுப்பு வண்டியின் அமைப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எடை ஏறத்தாழ 20 கிலோ. முன்சக்கரத்தில் 32 கம்பிகள். சுமை தாங்கும் பின்சக்கரத்தில் 40 கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், தென்னங்குச்சியினும் மெல்லிய அக்கம்பிகள் இரு மனிதரையும் ஒரு மூட்டை அரிசியையும் தாங்கின. ஒரு கம்பி தளர்ந்தாலும் சக்கரம் கோணும். கடைக்காரர் சாவியால் சிறிது முறுக்கியும் சிறிது தளர்த்தியும் 'கோட்டம்' எடுப்பார். முன்னால் 44 பற்கள், பின்னால் 18 பற்கள் என்றால், மிதியை ஒருமுறை சுற்றும்போது வண்டி ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். ஒரே பற்சேர்க்கை, மேட்டிலும் அதுதான், பள்ளத்திலும் அதுதான். குறைந்ததை உழைப்பால் நிறைக்க வேண்டும் என்பது அந்த வண்டியின் சட்டம்.

பெங்களூர்த் தமிழர் வாழ்வுக்கும் அந்த வண்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1940-இல் விமானத் தொழிற்சாலை. 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை. 1953-இல் கடிகாரமும் கருவிகளும் செய்யும் எச்.எம்.டி.; 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். இவற்றுக்கு முன்பே பின்னி ஆலையும் மினர்வா ஆலையும் இருந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம்மவர் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பிரேசர் டவுனிலும் குடியமர்ந்து, விடியலில் சங்கு ஊதும்முன் மிதிவண்டியில் ஆலை வாயிலை அடைந்தனர். சம்பளத்தில் பிடித்தம் செய்து வாங்கிய வண்டி, கேரியரில் நான்கடுக்குத் தூக்கு, கைப்பிடியில் துணிப்பை. மாலையில் அதே வண்டியின் முன்கம்பியில் குழந்தையும் பின்னே மனைவியும் அமர, குடும்பமே திரைப்படத்துக்குச் சென்றது. இரவில் விளக்கின்றிச் சென்றால் காவலர் நிறுத்துவார். நகராட்சிக்கு ஆண்டுதோறும் வரி கட்டி வில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். அவ்வளவு மரியாதை அன்று அதற்கு! அரசு வரி கேட்கும் அளவுக்கு அது ஒரு சொத்தாகக் கருதப்பட்டது.

சொந்த வண்டி இல்லாதார்க்கு வாடகைக் கடை இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. உயரம் போதாத சிறுவர்கள் முக்கோணச் சட்டத்தினுள் காலை நுழைத்துக் 'குரங்குப் பெடல்' அடித்துக் கற்றனர். முழங்காலில் தழும்பு இல்லாத பெரியவர் இவ்வவையில் எவரேனும் உளரோ? இருந்தால் கைதூக்குங்கள், அவர்களுக்கு என் அனுதாபம்.

இனி இற்றை நாளுக்கு வருவோம். மிதிவண்டி மறைந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். ஞாயிறு விடியற்காலை நந்திமலைச் சாலையில் நின்று பாருங்கள். நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். உச்சி 1,478 மீட்டர். இருள் பிரியுமுன் தலைக்கவசமும் விளக்கும் அணிந்த இளைஞரும் மங்கையரும், ஐம்பதைக் கடந்தோரும்கூட, அம்மலையை மிதித்து ஏறுகின்றனர். அவர்களுடைய வண்டிகளில் பல எட்டுக் கிலோவுக்கும் குறைந்த எடையுடையவை. உடல் முழுதும் கரிம இழையால் ஆனவை. பல பற்சக்கரங்கள் இருப்பதால், ஏற்றத்தில் மிதியின் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டரே நகரும்படியும், சமவெளியில் ஒன்பது மீட்டர் பாயும்படியும் மாற்றிக்கொள்ளலாம். பாட்டனார் காலத்தில் உழைப்பு வண்டிக்கு ஏற்ப மாறியது. இன்று வண்டி உழைப்புக்கு ஏற்ப மாறுகிறது.

இந்த அன்பர்களில் பல வகையினர் உண்டு. முதல் வகையார் பழமை போற்றுவோர். பழைய ராலேயையோ ஹம்பரையோ தேடிப் பிடித்து, தோலிருக்கைக்கு எண்ணெயிட்டு, கம்பித் தடையைச் சீராக்கி, குழந்தையைப்போல் பேணுவார்கள். புனேயில் விக்ரம் பெண்ட்சே என்பார் இவ்வாறு திரட்டிய வண்டிகளைக் கொண்டு ஒரு காட்சியகமே அமைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் வான்குடை வீரர்களுக்காகச் செய்த மடக்கு மிதிவண்டியையும் அங்குக் காணலாம்.

இரண்டாம் வகையார் நெடுந்தொலைவினர். 'ப்ரெவே' என்னும் பிரெஞ்சு மரபுப் பயணத்தை இவர்கள் மேற்கொள்கின்றனர். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி. 400-க்கு 27 மணி. 600-க்கு 40 மணி. இதன் சிகரம் பாரிஸ் நகரினின்று பிரெஸ்ட் துறைமுகம் சென்று மீளும் 1,200 கிலோமீட்டர். 90 மணி நேர எல்லை. 1891-இல் தொடங்கிய அப்பயணம் இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. இந்தியர் பலர் அதில் கலந்துகொள்கின்றனர். இதில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று: இது பந்தயம் அன்று. முதற்பரிசும் இல்லை, கடைசி இடமும் இல்லை. குறித்த நேரத்துக்குள் வந்தோர் அனைவரும் ஒரே வரிசையினர். பிள்ளைகளின் மதிப்பெண்ணை அண்டை வீட்டாருடன் ஒப்பிட்டு உறக்கம் இழக்கும் நம் போன்ற பெற்றோர்க்கு இதில் பாடம் உண்டு.

மூன்றாம் வகையார் ஊர் காண்போர். 2008-ஆம் ஆண்டு பெங்களூரில் தோன்றிய 'டூர் ஆஃப் நீல்கிரீஸ்' என்னும் பயணம் ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்களில் கருநாடகத்தையும் தமிழகத்தையும் ஒரே கயிற்றில் கோக்கிறது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும் அச்சாலையை இவர்கள் காலால் அளக்கின்றனர். தண்ணீருக்காகப் பேச்சில் மோதிக்கொள்ளும் இரு மாநிலத்து இளைஞர்கள், ஒரே குடுவைத் தண்ணீரைப் பகிர்ந்து அம்மலையில் ஏறுகிறார்கள்.

நான்காம் வகையார் நாள்தோறும் அலுவலகத்துக்கு மிதிவண்டியில் செல்வோர். இந்நகரின் 'சைக்கிள் மேயர்' என்று பெயர் பெற்ற சத்யா சங்கரன் போன்றோர், அலுவலகத்துக்கு மிதித்துச் செல்வதை ஓர் இயக்கமாகவே வளர்த்திருக்கின்றனர். 2013-இல் தொடங்கிய 'சைக்கிள் நாள்' நிகழ்ச்சிகளில் குறித்த சில மணி நேரம் தெருக்களை மூடிக் குழந்தைகளை விளையாட விட்டனர்.

இவற்றையெல்லாம் கேட்டு, "இலட்சக்கணக்கில் விலை கொடுத்து மிதிவண்டி வாங்குவது வீண் பகட்டன்றோ?" என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. பகட்டும் உண்டு, மறுக்கமாட்டேன். வாங்கிய மறுவாரமே சுவரில் மாட்டித் துணி உலர்த்தும் கொடியாக்கியவர்களும் உண்டு. ஆனால் வீணையை எடுத்துக்கொள்வோம். விலையுயர்ந்த வீணை பகட்டா என்பது அதை வாங்கியவர் மீட்டுகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தது. மிதிவண்டியும் அத்தகையதே. அதன் உடைமை ரசீதில் இல்லை. தேய்ந்த டயரில் இருக்கிறது.

அன்பர்களே! இப்போது என் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேற்சொன்ன நான்கு வகையாரையும் நாம் 'மிதிவண்டி ஆர்வலர்' என்கிறோம். ஐந்தாம் வகையார் ஒருவர் இருக்கின்றனர். அவர்களை நாம் எப்பெயராலும் அழைப்பதில்லை. விடியற்காலை நாளிதழ் போடும் சிறுவர், பால் கொண்டுவருபவர், கீரை விற்பவர், இரவுக் காவல் முடித்து வீடு திரும்பும் முதியவர், கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனார். அவர்கள் ஓட்டும் தொலைவு சிறிதன்று. ஆர்வத்தால் ஓட்டவில்லை, தேவையால் ஓட்டுகிறார்கள் என்பதாலேயே நம் கண்ணில் படாமற் போகின்றனர்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் கண்ட காட்சி இது. இடத்தின் பெயர் வேண்டா. அங்குக் குடியிருப்பவரின் புது வண்டி மின்தூக்கியில் ஏறி வரவேற்பறைக்கே செல்கிறது. தோட்டக்காரரின் வண்டிக்கோ வாயிலுக்குள் இடமில்லை. வெளியே தெருவோரம் நிறுத்த வேண்டும். ஒருநாள் அது களவு போயிற்று. அன்று முதல் அம்மனிதர் ஆறு கிலோமீட்டர் நடந்து வந்தார். புது வண்டிக்காரர் நல்லவர், இரக்கமுள்ளவர், ஆயினும் தாமும் தோட்டக்காரரும் ஒரே கருவியை ஓட்டுகிறோம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதே இல்லை. பின்னர் ஒருவர் எடுத்துச் சொன்னதும், அவரே முன்னின்று வாயிலுக்குள் பணியாளர் வண்டிகளுக்குக் கூரையிட்ட நிறுத்தம் அமைக்கச் செய்தார். செலவு பெரிதன்று. குறைவாக இருந்தது பணமன்று, பார்வை.

சாலையிலும் இவ்விரு சாராரும் ஒன்றாகவே துன்புறுகின்றனர். பெங்களூரில் பதிவான மோட்டார் ஊர்திகளின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துவிட்டது. ஜயநகரில் மிதிவண்டிக்கென்று தனிப்பாதை வரைந்தார்கள். கார்கள் அதன்மேல் நின்றன. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் வெளிவட்டச் சாலையில் தனிப்பாதை அமைத்தார்கள். நெரிசல் மீண்டதும் பிற ஊர்திகள் அதில் புகுந்தன. மெட்ரோப் பணி எஞ்சியதையும் விழுங்கியது. பல இலட்சத்து வண்டியையும் பழைய வண்டியையும் பேருந்தின் சக்கரம் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

"இந்நாட்டில் இது இப்படித்தான்" என்று பெருமூச்செறிய வேண்டா. மிதிவண்டியின் சொர்க்கம் என்று இன்று புகழப்படும் நெதர்லாந்தும் ஒரு காலத்தில் மிதிவண்டியைக் கைவிட்டுக் காரின் பின்னே ஓடிய நாடே. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அங்குச் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவுக்கு வந்தனர். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதே அவர்கள் இயக்கத்தின் பெயர். தாய்மாரும் தந்தையரும் பிள்ளைகளுடன் சாலையில் அமர்ந்து கேட்டதனால் அந்நாட்டுத் தெருக்கள் மாறின. குழந்தை பாதுகாப்பாகச் செல்லும் தெருவே நல்ல தெரு என்ற அளவுகோலை அவர்கள் வகுத்தனர். அதனினும் எளிய அளவுகோல் ஒன்றை நான் அறியேன்.

நம் தமிழகத்திலேயே ஒரு பெருஞ் சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தார்கள். கேலிக்கும் பழிச்சொல்லுக்கும் அஞ்சாமல் சிற்றூர்ப் பெண்கள் கற்றனர். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதாகச் செய்தியாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான வண்டி போதாமையால் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்த முடியும் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தனர். பேருந்துக்குக் காத்து நின்ற பொழுது அவர்கள் கைக்கு வந்தது. தண்ணீர் சுமப்பதும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும் எளிதாயின. பின்னாளில் தமிழக அரசு மாணவியர்க்கும், பின்னர் மாணவர்க்கும் விலையில்லா மிதிவண்டி வழங்கியதை நீங்கள் அறிவீர்கள். ஊரிலிருக்கும் நம் தங்கை மகள் வண்டியேறி மேனிலைப் பள்ளிக்குச் செல்கிறாள். இங்கே நம் மகளை அடுத்த தெருவில் இருக்கும் நடனப் பள்ளிக்கும் காரில் கொண்டுபோய் விடுகிறோம்.

தாய்மார்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. நெரிசல் மிகுந்த முதன்மைச் சாலையில் பத்து வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்புங்கள் என்று நான் கூறமாட்டேன். அது அறிவுடைமை ஆகாது. ஆனால் அச்சத்துக்கு மருந்து, தனித்து வீட்டில் இருப்பதன்று, கூடிச் செல்வது. பத்துப் பேர் ஒன்றாகச் சென்றால் ஊர்தி ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவர்; வேகம் குறைப்பர். ஆகவே, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைக் குடியிருப்புவாரியாகச் சேர்த்து, முன்னும் பின்னும் இரு பெரியவர் துணைவர, உட்தெருக்கள் வழியே மிதிவண்டியில் அழைத்து வருவோம். தலைக்கவசமும் பின்விளக்கும் கட்டாயம். மகள்களும் மகன்களும் சமமாக வரட்டும். 'ஃ' என்னும் எழுத்தைக் கற்கும் நாளிலேயே பஞ்சர் ஒட்டவும் கற்கட்டும்.

இரண்டாவது: வீடுகளில் துருவேறிக் கிடக்கும் வண்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் சங்கத்துக்குத் தாருங்கள். நம் உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற எந்திரவியலார் எத்தனை பேர்! திங்களுக்கு ஒருநாள் கூடி, இளைஞரோடு சேர்ந்து அவற்றைச் செப்பனிட்டால், தேவைப்படும் தொழிலாளர் குடும்பங்களுக்கு வழங்கலாம். இருபது ஆண்டுகள் ஆலையில் சக்கரம் சுழற்றிய கைகளுக்கு ஓய்வூதியத்தைவிட அது உவப்பளிக்கும்.

மூன்றாவது: நீங்கள் குடியிருக்கும் இடங்களில், பணிசெய்ய வருவோரின் மிதிவண்டிக்கு வாயிலுக்குள் இடம் கேளுங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும், பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள்.

பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த நம் முன்னோர்க்கு நிலமில்லை, வீடில்லை, மொழியும் புதிது. மிதிவண்டி ஒன்றே அவர்களைக் காலத்தோடு ஆலை வாயிலில் சேர்த்தது. இன்று நம்மில் பலர்க்கு வீடும் காரும் உண்டு. அன்று நாம் இருந்த இடத்தில் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ராயச்சூரிலிருந்தும் வந்தோர் நிற்கின்றனர். அவர்களும் மிதிவண்டியில்தான் வேலைக்குச் செல்கின்றனர். சாலையில் அவர்களைக் காணும்போது ஒலிப்பானை அழுத்தாமல், ஒரு முழம் விலகி வழிவிடுங்கள். வந்தேறிக் குடியாக வாழ்ந்து உயர்ந்த ஒரு சமுதாயம், பின்னால் வருவோர்க்குச் செய்யக்கூடிய மிக எளிய மரியாதை அது.

முதல் ஞாயிற்றுப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் வாயிலருகே வைத்துள்ள ஏட்டில் எழுதிச் செல்க.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!